மைக்ரோக்ளியா ஸ்கேன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் நோய் எதிர்ப்பு செல்களை ஸ்கேனில் பார்க்கும் ஆய்வுகளுக்கு வருபவர்களிடம் விளக்கம் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை. படிவம் நீளமானது. அதை முழுசாகப் படிப்பவர்கள் குறைவு, ஆனால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை வரும். பின்னால் வருபவை எனக்கே பதில் சொல்ல வியர்த்தவை.

மூளைக்குள்ள தனியா நோய் எதிர்ப்பு செல் இருக்கா? ரத்தத்துல இருக்கிற வெள்ளையணுதானே எல்லா இடத்துக்கும் போகும்?

மூளைக்குள் அப்படிப் போக முடியாது. மூளையில் ஓடும் ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள் இடைவெளியே விடாமல் நெருக்கித் தைத்தது போல ஒட்டியிருக்கும். வெள்ளையணுக்கள் நினைத்தபோதெல்லாம் அதைத் தாண்டி நுழைய முடியாது. ரத்த-மூளைத் தடுப்பு என்பது இதைத்தான். அதனால் மூளை தனக்கென்று உள்ளேயே குடியிருக்கும் காவலை வைத்திருக்கிறது. அதன் பெயர் மைக்ரோக்ளியா. மூளை செல்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இவை.

1919-இல் ஸ்பெயின் விஞ்ஞானி பியோ டெல் ரியோ-ஹோர்டேகா வெள்ளி கார்பனேட் சாயம் ஏற்றி இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். இவற்றின் பூர்வீகம் மூளை அல்ல. கரு உருவான ஆரம்ப நாட்களில் மஞ்சள்கருப் பையில் தோன்றி, அங்கிருந்து மூளைக்குக் குடிபெயர்ந்து, பிறகு வாழ்நாள் முழுக்க அங்கேயே பெருகிக்கொள்கின்றன. எலிகளில் இது 2010-இல் நிரூபணமானது.

நோய் இல்லாதப்போ அதுங்க சும்மா தூங்கிட்டு இருக்குமா?

ரொம்ப நாள் அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். பழைய பாடப்புத்தகங்களில் 'ஓய்வில் இருக்கும் மைக்ரோக்ளியா' என்றே இருக்கும். 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக, உயிருள்ள எலியின் மண்டையோட்டைச் சன்னமாகச் சீவி, அதன் வழியாக இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியில் பார்த்தன. மைக்ரோக்ளியா மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய எலிகள் அவை. செல்லின் உடல் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதன் கிளைகளோ நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. லேசரால் ஓரிடத்தில் சின்னக் காயம் செய்ததும், சுற்றியிருந்த செல்களின் கிளைகள் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் திரும்பி, அரை மணி நேரத்துக்குள் காயத்தை வளைத்துக்கொண்டன. அந்த வீடியோவைப் பார்த்த பிறகு 'ஓய்வு' என்ற சொல்லை யாரும் மனசார எழுத முடியாது.

இவ்வளவு தெளிவான காட்சி எலியில்தான் கிடைக்கும். மனிதரின் மண்டையைச் சீவ முடியாது. கீழே வரும் கேள்விகள் எல்லாம் அந்தக் குறையைச் சமாளிக்கும் வழிகளைப் பற்றியவைதான்.

எனக்குத்தான் ஏற்கெனவே எம்ஆர்ஐ எடுத்தாச்சே. அதுல தெரியாதா?

சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் தண்ணீரைப் பார்க்கிறது. திசுவில் நீர் எவ்வளவு, அது எப்படிக் கட்டுண்டு கிடக்கிறது என்பதிலிருந்து படம் வருகிறது. வீக்கம், தழும்பு, சுருக்கம் எல்லாம் அதில் தெரியும். எந்த செல் என்ன செய்கிறது என்பது தெரியாது.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தோமே என்பார்கள் சிலர். அந்த ஊசியில் இருப்பது கடோலினியம். மேலே சொன்ன ரத்த-மூளைத் தடுப்பு எங்கே கசிகிறதோ அங்கே அது உள்ளே இறங்கி வெள்ளையாகத் தெரியும். அதாவது காட்டுவது கசிவை. தடுப்பு கெடாமலேயே உள்ளுக்குள் வருடக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் அழற்சி அந்த ஊசிக்குப் பிடிபடாது. ரிப்போர்ட்டில் 'கான்ட்ராஸ்ட் ஏறவில்லை' என்றிருந்தால், அந்த நேரத்தில் பெரிய கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோக்ளியா அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. எம்ஆர்ஐயிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. அது எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பிழைகளின் உறை கெடும் நோய்) பற்றிய கேள்வியில் வரும்.

அப்போ எதை வெச்சுத்தான் பார்க்கிறீங்க?

பெட் ஸ்கேன். தேடும் செல்லில் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தைத் தேர்ந்துகொள்கிறோம். அதில் போய் ஒட்டும் ஒரு மூலக்கூறைச் செய்து, அதில் ஒரு அணுவைக் கதிரியக்க அணுவாக மாற்றி, மிகமிகக் குறைந்த அளவில் நரம்பில் செலுத்துகிறோம். இந்த மூலக்கூறுக்கு டிரேசர் என்று பெயர். கதிரியக்க அணு சிதையும்போது பாசிட்ரான் ஒன்று வெளிவரும். பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழியும்போது, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கும். தலையைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, 'இந்தக் கோட்டில் எங்கேயோ நடந்தது' என்று குறித்துக்கொள்கிறது. அப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம்.

மைக்ரோக்ளியாவுக்கு இதுவரை அதிகம் பயன்பட்ட புரதம் டிஎஸ்பிஓ. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வில் இருப்பது. ஆரோக்கியமான மூளையில் கொஞ்சம்தான் இருக்கும். சேதம் ஏற்பட்ட இடத்தில் ஏறும்.

டிஎஸ்பிஓ-ன்னா ஏதோ தூக்க மாத்திரை சம்பந்தப்பட்டதுன்னு படிச்சேன். நான் டையசிபாம் சாப்பிடுறேன், பிரச்சினையா?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1977-இல் டையசிபாம் உடம்பில் எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று தேடியபோது, மூளைக்கு வெளியே, எலியின் சிறுநீரகத்திலும் ஒட்டுவதைக் கண்டார்கள். அங்கே ஒட்டும் இடத்துக்குப் புற பென்சோடையசெபின் ஏற்பி என்று பெயர் வைத்தார்கள். பெயர் பொருந்தவில்லை என்று 2006-இல் டிஎஸ்பிஓ என்று மாற்றினார்கள்.

டையசிபாம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் டிரேசருக்கு இடம் குறையும். அதனால் இந்த மாத்திரை எடுப்பவர்களைப் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த குளோனசிபாம் டிஎஸ்பிஓவில் அவ்வளவாக ஒட்டாது. எந்த மாத்திரையானாலும் குழுவிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனுக்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

கேன்சருக்கு எடுக்கிற அதே பெட் ஸ்கேன்தானே இது?

எந்திரம் அதே. ஊசியில் இருப்பது வேறு. கேன்சருக்குப் போடுவது பெரும்பாலும் எஃப்டிஜி, குளுக்கோஸின் கதிரியக்க வடிவம். மூளை ஓயாமல் குளுக்கோஸை எரிப்பதால் அதில் மூளை முழுக்கப் பளிச்சென்று இருக்கும். அல்சைமரில் சில பகுதிகள் மங்கிப்போகும். டிஎஸ்பிஓ ஸ்கேனில் நேர்மாறு: சாதாரண மூளை மங்கலாக இருக்கும், சேதமான பகுதி தூக்கலாகத் தெரியும்.

கதிரியக்கம்னா பயமா இருக்கே. எவ்வளவு நாள் உடம்புல இருக்கும்?

நாள் கணக்கே கிடையாது, நிமிடக் கணக்குதான். கார்பன்-11 சேர்த்த டிரேசர் என்றால் அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போட்டதில் அறுபதில் ஒரு பங்குதான் மிச்சம். ஃபுளோரின்-18 என்றால் அரை ஆயுள் 110 நிமிடம், மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய ஒன்றுமிராது. ஒரு ஸ்கேனில் கிடைக்கும் கதிர்வீச்சு பொதுவாகச் சில மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வருட இயற்கைக் கதிர்வீச்சை ஒரே நாளில் வாங்கிக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. பாலூட்டுபவர்கள் முன்னமே சொல்ல வேண்டும்.

ஆபத்து பூஜ்யம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சிறியது என்றுதான் சொல்கிறேன். அந்தச் சிறிய ஆபத்தை ஏற்பது அவரவர் முடிவு.

அன்னைக்கு என்னதான் நடக்கும்? ஊசி போட்டு படுக்க வெச்சு எடுத்துடுவீங்களா?

அவ்வளவு சுருக்கமாக முடியாது. காலையில் வந்ததும் உங்கள் மணிக்கட்டை மருத்துவர் பிடித்துப் பார்ப்பார். அங்கே ஓடும் இரண்டு தமனிகளையும் அழுத்திக்கொண்டு கையை மூடித் திறக்கச் சொல்வார். உள்ளங்கை வெளிறிப்போகும். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விட்டதும் சில விநாடிகளில் கை மறுபடி சிவக்க வேண்டும். சிவந்தால்தான், மறு தமனியில் குழாய் வைத்தாலும் கைக்கு ரத்தம் குறையாது என்று பொருள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, கட்டைவிரல் பக்கத் தமனியில் மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் முகம் மாறுவது இந்த இடத்தில்தான்.

தமனியில் எதற்குக் குழாய் என்றால், டிரேசர் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, மூளைக்கு எவ்வளவு போனது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். டிஎஸ்பிஓ துளியும் இல்லாத பகுதி மூளையில் கிடையாது. அதனால் 'இந்த மூலையைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வோம்' என்று எளிதாகக் கணக்குப் போட முடியாது. சில ஆய்வுகளில் சிறுமூளையையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு தமனிக் குழாயைத் தவிர்க்கிறார்கள். வருபவர்களுக்கு அது சுகம், ஆனால் கணக்கு கொஞ்சம் தளர்ந்துவிடும்.

கார்பன்-11 என்றால் டிரேசரை முன்கூட்டிச் செய்து வைக்கவும் முடியாது. அதே கட்டடத்திலோ பக்கத்திலோ சைக்ளோட்ரான், அதாவது கதிரியக்க அணுவை உண்டாக்கும் எந்திரம், வேண்டும். நீங்கள் தயாராகப் படுத்திருப்பீர்கள், கீழ்த்தளத்திலிருந்து போன் வரும்: தரப் பரிசோதனையில் தேறவில்லை, இன்றைக்கு இல்லை. பட்டினியோடு வந்து, கையில் குழாயும் குத்திக்கொண்டு திரும்பிப் போனவர்களிடம் நான் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எல்லாம் சரியாக நடந்தால் 60 முதல் 90 நிமிடம் தலையை அசைக்காமல் படுக்க வேண்டும். மூக்கு அரிப்பதுதான் பெரிய சோதனை என்று வந்தவர்கள் சொல்வார்கள்.

ஸ்கேனுக்கு முன்னாடி எதுக்கு மரபணு டெஸ்ட்? எனக்குப் பரம்பரை நோய் இருக்கான்னு பார்க்கிறீங்களா?

இல்லை. இந்தப் பரிசோதனை வந்ததே ஒரு விபத்தால்தான். முதல் தலைமுறை டிரேசர் பிகே11195. அதன் சமிக்ஞை பலவீனம், தேவையில்லாத இடங்களிலும் ஒட்டும். அதைவிடப் பலமடங்கு நன்றாக ஒட்டும் பிபிஆர்28 போன்ற டிரேசர்கள் வந்தபோது எல்லோருக்கும் குஷி. ஆனால் ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்குப் படமே விழவில்லை. டிரேசர் போன தடயமே இல்லாத மாதிரி இருந்தது. ஊசியில் தவறா, எந்திரத்தில் கோளாறா என்று குழம்பினார்கள்.

2012-இல் காரணம் பிடிபட்டது. டிஎஸ்பிஓ புரதத்தின் 147-ஆவது இடத்தில் சிலருக்கு அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்குத் திரியோனின் என்ற வேறொன்று இருக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் திரியோனின் வடிவம் வந்தவர்களிடம் பிபிஆர்28 சுமார் ஐம்பது மடங்கு பலவீனமாகவே ஒட்டும். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இப்படி. சீன, ஜப்பானிய மக்களில் இது மிக அரிது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்கள் நடுவில் நிற்பார்கள்.

இது நோய் அல்ல, ஒட்டும் திறனில் உள்ள வேறுபாடு மட்டுமே. ஆனால் இதைப் பார்க்காமல் நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டால், அழற்சியில் உள்ள வித்தியாசமா மரபணுவில் உள்ள வித்தியாசமா என்று தெரியாமல் போகும். 'நீங்கள் குறைவாக ஒட்டும் வகை, சேர்க்க முடியாது' என்று சொல்லும்போது சிலர் தங்கள் மூளையிலேயே ஏதோ குறை என்று கலங்கிப்போகிறார்கள். ஒரு குறையும் இல்லை.

நெருப்பில்லாம புகையுமா? சிவப்பா தெரிஞ்சா அங்க அழற்சிதானே?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். முதலில், சிவப்பு என்பது நிறம் அல்ல. எண்களுக்குக் கணினி பூசும் சாயம். அளவுகோலை மாற்றினால் அதே மூளை நீலமாகவும் தெரியும். அடுத்தது, படத்தின் நுணுக்கம் மருத்துவமனை எந்திரங்களில் 4 முதல் 6 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய ஒரு கட்டத்துக்குள் பல்லாயிரம் மைக்ரோக்ளியா இருக்கும். ஒரு செல்லை அல்ல, ஒரு பேட்டையின் சராசரியைத்தான் பார்க்கிறோம்.

மூன்றாவதுதான் முக்கியம். டிஎஸ்பிஓ மைக்ரோக்ளியாவின் தனிச்சொத்து அல்ல. நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. ரத்தத்திலிருந்து உள்ளே வந்த மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்களிலும் உண்டு. சமிக்ஞை ஏறினால், இவற்றில் ஏதோ ஒன்றோ பலவோ அங்கே கூடியிருக்கின்றன. அவை திசுவைக் கெடுக்கின்றனவா, குப்பையை அள்ளிச் சுத்தம் செய்கின்றனவா என்பதைப் படம் சொல்லாது. காவலர்கள் கூடியிருப்பது தெரிகிறது. கலவரத்துக்கா, தேர்த் திருவிழாவுக்கா என்பது மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது.

ஆனா எலி ஆராய்ச்சியில செல் ஆக்டிவேட் ஆனா டிஎஸ்பிஓ ஏறுதுன்னு நிரூபிச்சுட்டாங்களே?

எலியில் ஏறுகிறது, உண்மை. அதே தூண்டுதலை மனித மைக்ரோக்ளியாவுக்குக் கொடுத்தபோது ஏறவில்லை என்று 2017-இல் ஒரு ஆய்வு காட்டியது. 2023-இல் வெளிவந்த பெரிய ஒப்பீடு அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: மனித மூளையில் இந்தச் சமிக்ஞை பெரும்பாலும் செல்களின் நெருக்கத்தைக் காட்டுகிறதே தவிர, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு கிளர்ந்திருக்கிறது என்பதை அல்ல.

என் கருத்தில் 'மைக்ரோக்ளியா ஆக்டிவேஷன் ஸ்கேன்' என்று இனி எழுதவே கூடாது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது. எங்கள் படிவத்திலேயே இரண்டு இடத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அப்போ இத்தனை வருஷமா எடுத்த ஸ்கேன் எல்லாம் வீணா?

இல்லவே இல்லை. எந்தப் பகுதியில், எந்தக் கட்டத்தில் இந்த செல்கள் கூடுகின்றன என்பதும் பெரிய தகவல்தான். 2001-இல் பிகே11195 கொண்டு அல்சைமர் நோயாளிகளைப் பார்த்தபோது, நினைவுக்கு முக்கியமான எண்டோரைனல் பகுதியிலும் பொட்டு, உச்சிப் பகுதிகளின் புறணியிலும் (மூளையின் மேலடுக்கு) சமிக்ஞை கூடியிருந்தது. 2021-இல் வந்த ஒரு ஆய்வு, அல்சைமரில் படியும் அமிலாய்டு என்ற புரதம் சேர்ந்திருக்கும் மூளையில் மைக்ரோக்ளியா சமிக்ஞையும், அந்த நோயின் இன்னொரு புரதமான டாவும் ஒரே பாதையில் கைகோத்துப் பரவுவதைக் காட்டியது. பார்க்கின்சனில் 2006-இல் மூளைத்தண்டிலும் அடிக்கருக்களிலும் கூடுதல் தெரிந்தது. பிறகு வந்த டிரேசர்களில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோயில் உடல் அசைவை இயக்கும் புறணியில் கூடுகிறது. ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயின் மரபணு உள்ளவர்களில் அறிகுறி தொடங்கும் முன்பே தென்படுகிறது.

பத்து வருஷத்துக்கு முன்னாடி தலையில அடி. இப்போ ஒண்ணுமில்ல. இன்னும் உள்ளே ஏதாவது இருக்குமா?

இருக்கலாம். 2011-இல் தலைக்காயம் பட்டுப் பதினோரு மாதம் முதல் பதினேழு வருடம் வரை ஆன பத்துப் பேரை ஸ்கேன் செய்தார்கள். அடிபட்ட இடத்தில் அல்ல, தூரத்தில், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் சமிக்ஞை உயர்ந்திருந்தது. அடியில் அறுபட்ட நீண்ட நரம்பிழைகள் போய்ச் சேரும் இடம் அது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும், வருடங்கள் போனால் மூளை மறந்துவிடும் என்று இருந்த எண்ணத்தை அது அசைத்தது. உங்களுக்கு இன்று தொந்தரவு இல்லையென்றால் இதற்காக ஸ்கேன் தேடி அலைய வேண்டாம்.

எங்க அண்ணிக்கு எம்எஸ். அவங்க எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல 'காந்த விளிம்புப் புண்'னு எழுதியிருக்காங்க. அது என்ன?

எம்ஆர்ஐயில் ஒரு விதிவிலக்கு உண்டு என்று சொன்னேனே, அது இதுதான். எம்எஸ் நோயில் சில பழைய புண்கள் ஆறாமல் ஓரத்தில் மட்டும் மெதுவாகப் பரவிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் இரும்பு நிரம்பிய மைக்ரோக்ளியாவும் மேக்ரோபேஜ்களும் வரிசைகட்டி நிற்கும். இரும்பு காந்தப்புலத்தைச் சற்றே குலைப்பதால், அதற்கென்று உள்ள எம்ஆர்ஐ முறையில் புண்ணைச் சுற்றிக் கருத்த வளையம் தெரியும். கதிரியக்கம் வேண்டாம், ஊசி வேண்டாம். நான்கோ அதற்கு மேலோ இப்படிப் புண்கள் உள்ளவர்களுக்கு இயலாமை இளவயதிலேயே வந்தது என்று 2019-இல் ஒரு ஆய்வு சொன்னது. எம்எஸ் கண்டறியும் மெக்டொனால்ட் விதிமுறைகளின் 2024 திருத்தத்திலும் இந்த விளிம்பு இடம்பெற்றிருக்கிறது.

மூளையின் நோய் எதிர்ப்பு செல்களைப் படம் பிடிக்கும் முறைகளில் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஓரளவு மருத்துவரின் மேசைக்கு வந்தது இது ஒன்றுதான் என்பேன். ஆனாலும் இரும்பு ஏறாத மைக்ரோக்ளியா இதில் தெரியாது. எல்லா நோய்க்கும் உதவாது.

மைக்ரோக்ளியாதான் வில்லன்னா மருந்து கொடுத்து அடக்கிடலாமே?

செய்து பார்த்தார்கள். நீண்டநாள் தலைக்காயப் பாதிப்பு உள்ள 15 பேரில் ஒரு பகுதியினருக்கு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை 12 வாரம் கொடுத்தார்கள். ஸ்கேனில் சமிக்ஞை குறைந்தது. எல்லோரும் கைதட்டியிருக்க வேண்டிய இடம். ஆனால் ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட், அதாவது நரம்பிழைகள் சிதைந்தால் வெளிவரும் புரதம், கூடியிருந்தது. மைக்ரோக்ளியாவை அடக்கியதில் நரம்பு செல்லுக்குக் கேடு வந்திருக்கலாம் என்று 2018-இல் எழுதினார்கள். வில்லன் என்று நினைத்தவர் வீட்டைத் தாங்கிக்கொண்டு நின்றவராகவும் இருக்கலாம்.

இன்னொன்று: பார்க்கின்சன் நோயாளிகளில் எட்டு வாரத்தில் ஸ்கேன் சமிக்ஞையைக் குறைத்த ஒரு மருந்து, பிறகு வெர்டிபெர்ஸ்டாட் என்ற பெயரில், பார்க்கின்சனை ஒத்த பல்மண்டலச் சிதைவு நோயில் கடைசிக் கட்டச் சோதனைக்குப் போனது. 2021-இல் அது தோற்றது. படம் மங்கியதை வைத்து நோயாளி தேறுவார் என்று சொல்ல முடியாது. நேர்மையாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். மூளைக்குள் புகுந்து மைக்ரோக்ளியாவிலும் பி செல்கள் என்ற வெள்ளையணுக்களிலும் வேலை செய்யும் டோலெப்ரூடினிப் மருந்து, எம்எஸ்ஸின் இரண்டாம் கட்டத்தில் இயலாமை கூடும் வாய்ப்பை 31 சதவீதம் குறைத்ததாக 2025-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

டிஎஸ்பிஓ-ல இவ்வளவு சிக்கல்னா வேற புரதத்தைத் தேட வேண்டியதுதானே?

தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிஎஸ்எஃப்1ஆர் மைக்ரோக்ளியா உயிர்வாழவே தேவைப்படும் ஏற்பி. பி2ஒய்12 அமைதியாகக் காவல் சுற்றும் செல்களில் அதிகம், கிளர்ந்தால் குறையும். பி2எக்ஸ்7, காக்ஸ்-1 ஆகியவற்றுக்கும் டிரேசர்கள் செய்திருக்கிறார்கள். புரதம் நல்லதாக அமைந்தால் மட்டும் போதாது. டிரேசர் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட வேண்டும், கண்ட இடத்தில் ஒட்டக்கூடாது, உடைந்த துண்டுகள் மூளைக்குள் போகக்கூடாது. எலியில் பிரமாதமாக வேலை செய்துவிட்டு மனிதரில் படுத்துக்கொண்டவை ஏராளம்.

ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சுக்க முடியாதா?

கொஞ்சம் தெரியும். மைக்ரோக்ளியாவின் ட்ரெம்2 ஏற்பியிலிருந்து கழன்று விழும் துண்டை முதுகுத்தண்டு நீரில் அளக்கலாம். ரத்தத்தில் எளிதாக அளக்கும் ஜிஎஃப்ஏபி ஆஸ்ட்ரோசைட்டுடையது, மைக்ரோக்ளியாவுடையது அல்ல. நியூரோஃபிலமென்ட் என்ன என்று மேலே சொன்னேன். இவை எதுவும் 'மூளையில் எங்கே' என்ற கேள்விக்குப் பதில் தராது. ஸ்கேனின் பலமே அந்த 'எங்கே'தான்.

முதல் ஸ்கேனைவிட ரெண்டாவதுல 12 சதவீதம் கூடியிருக்காம். நோய் முத்திடுச்சா?

ஆரோக்கியமான ஒருவரையே சில நாள் இடைவெளியில் இருமுறை எடுத்தால் 10 முதல் 20 சதவீதம் வரை ஏறி இறங்குவது சகஜம். காலையில் எடுத்ததா மதியம் எடுத்ததா என்பதுகூட எண்ணை அசைக்கலாம். தனி ஒருவரில் 12 சதவீதம் என்பதிலிருந்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வேறு யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எங்க அப்பாவுக்கு மறதி. டாக்டர்கிட்ட சொல்லி இந்த ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். ஒரு தனி மனிதருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்க இந்த ஸ்கேன் உதவாது. மறதிக்கு மருத்துவர் முதலில் பார்ப்பது தைராய்டு, பி12, மன அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், சாதாரண எம்ஆர்ஐ. தேவைப்பட்டால் அமிலாய்டு பரிசோதனை. அதற்குத்தான் சிகிச்சை முடிவோடு நேரடித் தொடர்பு உண்டு.

ஆய்வுல கலந்துக்கிட்டேன், ஒன்றரை மணி நேரம் ஆடாம அசையாம கிடந்தேன். என் படத்தை எனக்கே தர மாட்டேங்கிறாங்களே, ஏன்?

கோபம் நியாயமானது. பல ஆய்வுகளில் பெட் படத்தைத் தருவதில்லை. அதற்குக் காரணம் நெருப்பு-புகை கேள்வியிலும் 12 சதவீதக் கேள்வியிலும் இருக்கிறது. கையில் கொடுத்தால் அடுத்த நிமிடமே அது வேறொரு மருத்துவரிடம் போகும். அவர் சிவப்பைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார். பிறகு தூக்கம் போகும். ஒருமுறை ஒருவர் திரையில் தெரிந்ததைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவர் நோயாளியே அல்ல, ஒப்பீட்டுக்காக வந்த ஆரோக்கியமானவர்.

ஆனால் கேட்டு வாங்கக்கூடியவை சில உண்டு. கூடவே எடுக்கும் எம்ஆர்ஐயில் கட்டி, ரத்தக்குழாய் வீக்கம் போல எதிர்பாராத ஏதாவது தெரிந்தால் யார், எத்தனை நாளில் உங்களிடம் சொல்வார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். உங்கள் டிஎஸ்பிஓ வகை எது என்று கேளுங்கள், அடுத்த ஆய்வுக்குப் போகும்போது உதவும். அந்த வருடம் உங்களுக்குக் கிடைத்த மொத்தக் கதிர்வீச்சு அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களிடம் அதற்கு ஒரு சின்ன அட்டை இருக்கிறது. கேட்டால்தான் தருவோம்.